பிள்ளை இந்த வாரம் எத்தனை பந்து போட்டான்?

 

பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளையைக் கிரிக்கெட்டுக்கு அனுப்புகிற பெற்றோரும், பாடசாலையில் அணியைப் பொறுப்பெடுத்திருக்கிற ஆசிரியர்களும் கடைசி வரைக்கும் வாசித்தால் நல்லது. மற்றவர்கள் இடையில் இறங்கிக்கொள்ளலாம், கோபமில்லை.

வெள்ளவத்தையில் டொரன்டோவில் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. அதனால்தான் 2025 நவம்பர் 2, ஞாயிறு விடியக்காலை, பேஸ்போல் என்றால் என்னவென்றே தெரியாத நாங்களும் ஒரு பேஸ்போல் இறுதிப் போட்டியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். அங்கே அது சனிக்கிழமை இரவு. வேர்ல்ட் சீரிஸ் தொடரின் ஏழாவது ஆட்டம். டொரன்டோ புளூ ஜேஸ் சொந்த மைதானத்தில் 11 இன்னிங்ஸ் வரை போராடி 5-4 என்று லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் தோற்றது. எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவருக்குத் தம்பி ஸ்காபரோவில் இருக்கிறார். அன்று முழுக்க அவரிடமிருந்து வந்த வொய்ஸ் மெசேஜ்கள் ஒரு மையத்து வீட்டிலிருந்து வந்தவை மாதிரி இருந்தன.

எங்களைப் பிடித்துக்கொண்டது தோல்வி இல்லை. அவர்கள் எதைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள் என்பதுதான். டொட்ஜர்ஸின் பந்தெறிபவர் யொஷினொபு யமமோட்டோ, ஜப்பான்காரர். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து எறிந்திருந்தார். அடுத்த இரவே திரும்ப வந்து இன்னும் 34 பந்து எறிந்து ஆட்டத்தை முடித்து வைத்தார். தொடரின் சிறந்த வீரரும் அவரே. இப்படி ஒருவரை அடுத்தடுத்த நாள் இறக்கியது சரியா, பிழையா என்று அந்தக் குடும்பத்துக் குழுவில் மாமா, மச்சான், மாமி எல்லோரும் வாதிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு கருத்து. ஆனால் 96, 34 என்ற இரண்டு இலக்கங்களும் எல்லோருக்கும் தெரியும். இடையில் பன்னிரண்டு வயது மருமகன் ஒருவன் புகுந்து, "எங்களுக்கு ஒரு நாளைக்கு 85க்கு மேல எறிய விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இங்கே ஒரு பையனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இந்தப் பருவத்தில் எத்தனை விக்கெட், சிறந்த பந்துவீச்சு என்ன, யாரைக் கிளீன் போல்ட் ஆக்கினான், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். எத்தனை பந்து போட்டான் என்று கேட்டால் முழிப்பான். பயிற்றுநரைக் கேட்டால் அவரும் முழிப்பார். எங்களிடம் ஸ்கோர் புத்தகம் இருக்கிறது, அது போட்டிக்கான கணக்கு. பையனுக்கான கணக்கு யாரிடமும் இல்லை.

இந்தப் பருவத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து, விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். பெயர் வேண்டாம். கொட்டாஞ்சேனைப் பக்கம் வீடு, வாப்பாவுக்கு த்ரீவீலர் ஓட்டம், வயது பதினைந்து, நல்ல உயரம், உண்மையிலேயே வேகம். செவ்வாய்க்கிழமை 15 வயதுக்குட்பட்டோர் போட்டி, 10 ஓவர். புதன் நெட்ஸில் ஏறத்தாழ 72 பந்து. வியாழன் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆள் குறைவு என்று அவனை எடுத்தார்கள், இரண்டு தடவையாக 14 ஓவர். சனிக்கிழமை காசு கட்டிப் போகிற அகடமி. அங்கே ஒரு ஆள் வீடியோ எடுக்கிறார், ஆகவே உயிரைக் கொடுத்துப் போடுவான், 90 பந்து. ஞாயிறு ஒழுங்கையில் சொஃப்ட் போல் சுற்றுப்போட்டி, நாலு ஆட்டம், ஆட்டத்துக்கு 2 ஓவர். கூட்டினால் 354 பந்து, அதாவது 59 ஓவர். ஒரு வாரத்தில்.

ஸ்கோர் புத்தகங்களில் பதிவானது அதில் 144. மிச்சம் 210 பந்து யாருடைய கண்ணிலும் படாமல் அவனுடைய முதுகில் மட்டும் எழுதப்பட்டது.

யாரும் அவனைக் கொடுமைப்படுத்தவில்லை, இதைக் கவனிக்க வேண்டும். 15 வயதுப் பயிற்றுநருக்கு 10 ஓவர் மட்டும்தான் தெரியும். 17 வயதுக்காரருக்கு 14 மட்டும். அகடமிக்காரர் மூன்று மாதக் கட்டணம் வாங்கியிருக்கிறார், அவர் வேலையைச் செய்கிறார். ஒழுங்கைப் பெடியன்களுக்கு வெல்ல வேண்டும். ஆளாளுக்கு நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார்கள். பையனைக் கேட்டால் ஒரே பதில், "ஏலும் சேர்". பதினைந்து வயதில் "ஏலாது சேர்" என்று சொல்கிற வேகப்பந்து வீச்சாளனை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

சொஃப்ட் போல்தானே, பாரமில்லையே என்று சிலர் சொல்வார்கள். பந்து பாரமில்லை, சரி. ஆனால் வேகப்பந்து வீச்சில் உடம்பை அடிப்பது பந்தின் பாரம் இல்லை. ஓடிவந்து முன்கால் ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை அந்தக் காலில் இறங்கி முதுகுக்குப் போகிறது. அதே நொடியில் இடுப்பு ஒரு பக்கம் வளைந்து திரும்புகிறது. கையில் டெனிஸ் பந்து இருந்தாலும் அந்தக் கால் ஊன்றித்தான் ஆக வேண்டும். ஒழுங்கையில் அது கொங்கிரீட்டில் ஊன்றுகிறது.

எலும்பு வளர்ந்துகொண்டிருக்கிற வயதில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் கீழ் முதுகின் முள்ளெலும்பில் மயிரிழை போல வெடிப்பு விழும். வலக்கை வீச்சாளனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம், இடக்கைக்காரனுக்கு வலப்பக்கம். ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை விருத்தி படிக்காத ஆசிரியர் இல்லை. பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை உயரம் எப்படித் திடீரென்று கூடுகிறது என்று வரைபு வரைந்து காட்டியிருக்கிறோம், புள்ளியும் வாங்கியிருக்கிறோம். அந்த வரைபில் கோடு செங்குத்தாக ஏறுகிற இடத்தில்தான் மூன்று அணிகள் ஒரே பையனைக் கேட்கின்றன.

பெரிய இடத்து உதாரணம் வேண்டுமென்றால் பற் கமின்ஸ். 2011 நவம்பரில் ஜொஹன்னஸ்பேர்க்கில் முதல் டெஸ்ட், வயது 18. இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட், ஆட்ட நாயகன். அடுத்த டெஸ்ட் எப்போது ஆடினார் தெரியுமா? 2017 மார்ச், ராஞ்சியில். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் முதுகுக் காயமும் மீட்சியும் திரும்பக் காயமும். அவருக்குப் பின்னால் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் சபை இருந்தது, வைத்தியர்கள் இருந்தார்கள், சம்பளம் இருந்தது. அதனால் திரும்பி வந்தார், பிறகு தலைவரும் ஆனார். நம்முடைய துஷ்மந்த சமீரவும் 2016இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தின் நடுவே கீழ் முதுகுப் பிரச்சினையோடு நாடு திரும்பியவர்தான். எங்கள் த்ரீவீலர்காரர் மகனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

இங்கிலாந்தில் இதற்கு வருடக்கணக்காக ஒரு வரையறை வைத்திருந்தார்கள். வேகப்பந்து வீசுகிற 13 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒரே மூச்சில் 5 ஓவர், ஒரு நாளைக்கு 10. 15 வயதுக்குட்பட்டவன் 6 ஓவர், நாளைக்கு 12. 17 வயது வரை 7 ஓவர், நாளைக்கு 18. எங்கள் பையன் வியாழக்கிழமை போட்ட 14 ஓவர், அவனுடைய வயதுக்கு அங்கே அனுமதியே இல்லை. அவர்கள் பார்ப்பது பிள்ளையின் வயதை. எந்த அணிக்கு ஆடுகிறான் என்பது இரண்டாம் பட்சம். இந்த ஒரு சின்ன வித்தியாசத்தை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆனால் எங்களுக்கு இங்கிலாந்தைவிட ஜப்பான்தான் பொருத்தம் என்று தோன்றுகிறது. காரணம், அங்கேயும் பாடசாலை விளையாட்டு ஒரு பைத்தியம். நமக்கு பிக் மேட்ச் எப்படியோ அவர்களுக்கு கோஷியென். 1915இல் தொடங்கிய அகில ஜப்பான் உயர்தரப் பாடசாலைப் பேஸ்போல் போட்டி அது. பழைய மாணவர்கள், பேண்ட் வாத்தியம், அழுகை, தோற்ற பிள்ளைகள் மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவது, எல்லாம் உண்டு. 2006இல் யூகி சைட்டோ என்ற மாணவன் ஒரே கோஷியெனில் 948 பந்து எறிந்தான். 2018இல் அகிட்டா மாகாணத்து விவசாயப் பாடசாலை ஒன்றின் கோசெய் யொஷிடா 881 பந்து. அந்தப் பாடசாலையில் பந்தெறிய அவனைவிட்டால் ஆள் இல்லை. நாடே அவனைக் கொண்டாடியது. இறுதிப் போட்டியில் ஐந்தாவது இன்னிங்ஸோடு அவனால் முடியவில்லை, அணி 13-2 என்று தோற்றது.

அந்த வருடம்தான் அங்கே பலருக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியது என்று நினைக்கிறோம். ஏனென்றால் அடுத்த வருடமே ரோகி சசாகி விஷயம் வந்தது.

2019 ஜூலை. இவாத்தே மாகாணத்தில் ஒஃபுனாட்டோ என்ற சாதாரண அரச பாடசாலை. சசாகிக்கு 17 வயது. அந்த ஏப்ரலில் மணிக்கு 163 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்து நாட்டையே அதிர வைத்திருந்தான். மாகாணச் சுற்றில் ஒரு ஆட்டத்தில் 194 பந்து. மூன்று நாள் கழித்து அரையிறுதியில் 129 பந்து. அடுத்த நாள் இறுதிப் போட்டி. வென்றால் அந்தப் பாடசாலைக்குக் கோஷியென். பயிற்றுநர் கொகுபோ அவனை இறக்கவில்லை. பந்தெறியவும் விடவில்லை, துடுப்பாடவும் விடவில்லை. பாடசாலை 12-2 என்று தோற்றது. பாடசாலைத் தொலைபேசிக்கு ஓயாமல் திட்டு வந்தது.

இதை எங்கள் ஊரில் வைத்துக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிக் மேட்ச் நாள். பழைய மாணவர் சங்கம் கூடாரம் அடித்திருக்கிறது, பப்பரே வாத்தியம் முழங்குகிறது, அதிபருக்குப் பக்கத்தில் பிரதம அதிதி. முதல் நாளில் நிறையப் போட்டுவிட்டான் என்று சொல்லி அணியின் ஒரே வேகப்பந்து வீச்சாளனை நிழலில் உட்கார வைத்திருக்கிறார் பொறுப்பாசிரியர். அடுத்த மாதம் அவருக்கு இடமாற்றக் கடிதம் வராவிட்டால் பெரிய விஷயம்.

சசாகி 2022 ஏப்ரல் 10இல், இருபது வயதில், தொழில்முறை லீக்கில் ஒரு எதிராளியைக்கூட பேஸுக்கு விடாமல் முழு ஆட்டத்தையும் 105 பந்தில் முடித்தார், 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி. 2025 வேர்ல்ட் சீரிஸ் வென்ற டொட்ஜர்ஸ் அணியில் யமமோட்டோவோடு அவரும் இருந்தார். பயிற்றுநர் செய்தது சரி என்று நிரூபணமாகிவிட்டது என்று இதை வைத்து நாங்கள் சொல்லப் போவதில்லை. அப்படிக் காப்பாற்றிய தோள்பட்டையும் 2025 மே மாதம் காயப்பட்டு மாதக்கணக்கில் வெளியே இருந்தது. எண்ணினால் காயமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பயிற்றுநர் அன்று தன்னிடம் இருந்த இலக்கத்தைப் பார்த்தார், 194, 129. அந்த இலக்கத்தோடு ஒரு பிள்ளையை மூன்றாவது தடவையும் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இலக்கம் தெரியாத எங்களுக்கு அந்தச் சங்கடம்கூட வருவதில்லை.

ஜப்பான்காரர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பது முக்கியம். 2020இலிருந்து ஒரு மாணவன் ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று விதி போட்டார்கள். 500 பெரிய எண்தான், இன்னும் குறைக்க வேண்டும் என்று அங்கேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது வாரத்துக்கான கணக்கு, ஒரு ஆட்டத்தோடு முடிகிற கணக்கு இல்லை. ஒரு போட்டிக்குள் எந்த வரையறை வைத்தாலும் அது அந்தப் போட்டியோடு முடிந்துவிடும். பையன் அங்கே முடிவதில்லை, அவன் அடுத்த நாள் வேறொரு அணியில் நிற்கிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. விதி எல்லோருக்கும் பொதுவாக இருப்பது சின்னப் பாடசாலைக்குத்தான் தேவை. நாங்கள் மட்டும் நல்லவர்களாகி எங்கள் பையனை நிறுத்தினால், எதிரணி 250 அடித்துவிட்டுப் போகும். கொழும்பின் பெரிய பாடசாலைகளில் வேகப்பந்து வீச நாலைந்து பேர் வரிசையில் நிற்பார்கள், ஒருவனை நிறுத்தினால் அடுத்தவன். எங்கள் பக்கத்துத் தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் பலவற்றில் முழு மைதானமே கிடையாது. மைதானம் வாடகைக்கு எடுத்து, பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், ஆட்டத்தைத் தொடங்கும்போது எங்களிடம் இருப்பது ஒரே ஒருவன். இதுதான் எங்களுக்கு எதிராக வைக்கக்கூடிய நியாயமான வாதம், இதற்கு எங்களிடம் சுலபமான பதில் இல்லை. கொஞ்சம் தோற்கத்தான் வேண்டியிருக்கும். இரண்டாவது, மூன்றாவது வீச்சாளனை உருவாக்க ஒரு பருவமாவது போகும். அந்த ஒரு பருவத்தை அதிபரும் பெற்றோரும் எங்களுக்குத் தர வேண்டும்.

மற்ற வாதங்கள் அவ்வளவு பாரமில்லை. அந்தக் காலத்தில் யார் எண்ணினார்கள், சமிந்த வாஸ் எண்ணிப் போட்டாரா என்று கேட்பார்கள். வாஸைத் தெரிகிறது, அவரோடு சேர்ந்து அதே வயதில் ஓடிவந்து பந்து போட்டு முதுகு போனவர்களை நமக்குத் தெரியாது. அவர்கள் இப்போது எங்கேயாவது கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

மாலிங்கவைச் சொல்வார்கள். ரத்கமவில் டெனிஸ் பந்து போட்டே உலகத்தை ஆட்டி வைத்தவர், 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நாலு பந்தில் நாலு விக்கெட். உண்மை. ஆனால் மாலிங்க கடினப் பந்துக் கிரிக்கெட்டுக்கு ஒழுங்காக வந்ததே பதின்ம வயதின் கடைசியில், காலியில் சம்பக்க ராமநாயக்க கண்ட பிறகு. 13, 15, 17 என்று மூன்று அணிகளுக்குச் சுமந்து வந்த உடம்பு இல்லை அது. அப்படியிருந்தும் 2008இல் முழங்கால் போனது, 2011இல் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள டெஸ்ட்டையே விட்டார். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இப்போது பாதிப் பேர் மதீஷ பத்திரண மாதிரிக் கையைத் தாழ்த்தி எறிகிறார்கள். பத்திரணவைப் பற்றி 2023 ஐ.பி.எல்.லில் டோனி என்ன சொன்னார் என்பதையும் அவர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்தப் பிள்ளை நீண்ட நாள் சிவப்புப் பந்துக் கிரிக்கெட் அதிகம் ஆடக் கூடாது, அளந்து பாவிக்க வேண்டும் என்ற கருத்தில்தான் அவர் பேசினார். அவருக்கு அது சொந்த நாட்டுப் பிள்ளைகூட இல்லை.

முரளியையும் மறக்க வேண்டாம். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் தொடங்கியது மிதவேகம். பதினாலு வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். ஒரு பெரியவர் எடுத்த முடிவு அது. 800 விக்கெட் பிறகு வந்தது.

இப்போது நோன்பு விஷயத்துக்கு வருவோம். எங்கள் ஆட்கள் இதைப் பொதுவில் பேசத் தயங்குகிறார்கள், அதனால்தான் எழுதுகிறோம். கடந்த சில வருடங்களாக ரமழான் பாடசாலைக் கிரிக்கெட் சூடுபிடிக்கிற பெப்ரவரி, மார்ச் மாதங்களுக்குள் வந்து நிற்கிறது. வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் பருவத்தை முழுதாகக் கடக்க இன்னும் சில வருடம் எடுக்கும். கொழும்பு மார்ச் வெயில் எப்படியென்று சொல்லத் தேவையில்லை. ஸஹருக்கு எழும்பி, நித்திரை குறைந்து, தண்ணீர் இல்லாமல் பன்னிரண்டு ஓவர் போடுகிற பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். நோன்பை விடு என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை, மனமும் இல்லை. ஆனால் நோன்பு பிடித்திருக்கிறாயா என்று கேட்க உரிமை இருக்கிறது. பல பயிற்றுநர்கள் முஸ்லிம் அல்லாதவர்கள். நல்ல மனிதர்கள், ஆனால் கேட்டால் மனம் நோகுமோ என்று கேட்பதில்லை. பையனும் சொல்ல மாட்டான். நோன்பால் களைத்துவிட்டான் என்ற பேர் தனக்கு மட்டுமில்லாமல் சமூகத்துக்கே வந்துவிடும் என்று பயப்படுகிறான், பதினைந்து வயதில் இந்தச் சுமையையும் சேர்த்துத்தான் ஓடிவருகிறான். அந்த மாதத்தில் நெட்ஸில் வேகப்பந்து வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். போட்டியில் காலையிலேயே சின்னச் சின்னத் தடவையாகப் போட வைக்கலாம். பகல் மூன்று மணிக்குப் பிறகு மிட் ஓஃபில் நிற்கட்டும். இவ்வளவுதான், மார்க்கத்துக்கும் பிரச்சினையில்லை, ஸ்கோருக்கும் பெரிய பிரச்சினையில்லை.

இதெல்லாம் ஏன் இவ்வளவு பாரமாக எழுதுகிறோம் என்றால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேகப்பந்து என்பது விளையாட்டு மட்டும் இல்லை. சாதாரண தரத்துக்குப் பிறகு விளையாட்டுத் திறமையைக் காட்டி ஒரு பிரபல பாடசாலைக்குள் நுழையலாம் என்ற கணக்கு வீட்டில் ஓடுகிறது. உம்மா அதற்காக சீட்டுப் பிடித்து ஸ்பைக் சப்பாத்து வாங்கியிருக்கிறார். வெஸ்லி கல்லூரியிலிருந்து ஃபர்வீஸ் மஹ்ரூஃப் போனார்தானே என்கிறார்கள். 2024 ஓகஸ்ட் 2இல் மொஹமட் ஷிராஸ் இந்தியாவுக்கு எதிராக கெத்தாராமவில் முதல் ஒருநாள் போட்டி ஆடிய இரவு, அந்த மைதானத்து விளக்கு வெளிச்சம் தெரிகிற மாடிகளில் நின்று கத்தியவர்கள் எங்கள் பிள்ளைகள். ஷிராஸுக்கு அந்த வாய்ப்பு வந்ததே பத்திரணவும் டில்ஷான் மதுஷங்கவும் காயப்பட்டதால்தான். அவை களத்தடுப்பில் வந்த காயங்கள், பந்துவீச்சால் வந்தவை இல்லை. ஆனாலும் ஒரு நாட்டின் முதல் வரிசை வேகப்பந்து வீச்சாளர்கள் எவ்வளவு சுலபமாகக் குறைந்துபோவார்கள் என்று அந்த வாரம் காட்டியது.

இந்தக் கணக்கெல்லாம் பதினேழு வயதில் முதுகு போனால் முடிந்துவிடும். வலியைச் சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள், எடுத்தால் பெரிய பாடசாலை பார்க்காது. அதனால் பிள்ளை மூவ் தடவிக்கொண்டு வருகிறான். வாசம் வருகிறது, நாங்கள் எல்லோரும் மணந்திருக்கிறோம். பெற்றோருக்கு ஒன்று சொல்கிறோம். பிள்ளை பின்பக்கம் வளையும்போது கீழ் முதுகில் ஒரு பக்கமாக மட்டும் வலிக்கிறது என்றால், எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், "இவன் வேகப்பந்து வீசுகிறவன்" என்ற விவரத்தையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஓய்வு எடுக்கச் சொல்வார்கள். அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

கல்வி அமைச்சும் பாடசாலைகள் கிரிக்கெட் சங்கமும் கிரிக்கெட் நிறுவனமும் சேர்ந்து வாரத்துக்கான ஒரு பொது வரையறை போடட்டும் என்று கேட்கிறோம். அது வரும்போது வரட்டும். அதுவரை நாங்கள் செய்வது இதுதான்.

எங்கள் வேகப்பந்துப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ஆளுக்கொரு சீ.ஆர். புத்தகம் கொடுத்திருக்கிறோம். ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம். திகதி, எங்கே, போட்டியா பயிற்சியா சொஃப்ட் போலா, எத்தனை பந்து, முதுகு எப்படி. கடைசி நிரலில் போட்டவர் யாரோ, போட வைத்தவர் யாரோ, அவருடைய கையெழுத்து. அகடமிக்காரர் ஒருவர் முதலில் சிரித்தார், பிறகு கையெழுத்து வைத்தார், இப்போது தன்னுடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பக்கத்தைப் படம் எடுத்துக் கேட்டிருக்கிறார். ஒழுங்கைச் சுற்றுப்போட்டிக்குக் கையெழுத்து வைக்க ஆளில்லை, அங்கே உம்மாமார் எழுதுகிறார்கள். பையன்கள் குறைத்து எழுதுகிறார்கள் என்பது இரண்டாவது வாரத்திலேயே தெரிந்தது. ஒரு உம்மா பல்கனியில் நின்று எண்ணி, மகன் எழுதிய 24ஐ வெட்டி 41 என்று எழுதி அனுப்பியிருந்தார்.

அந்தப் பக்கத்தின் படம் எங்களிடம் இருக்கிறது. தேவையான ஆசிரியர்கள், பெற்றோர் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறோம். சிங்கள மொழியிலும் ஒன்று செய்திருக்கிறோம். ஆங்கிலத்தில் யாராவது செய்து தந்தால் நல்லது.